சொரசொரப்புச் சுவரைக் கொத்திப் பூசியபோது

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் எண்பதுகளில் பழைய வீட்டைப் புதுப்பித்தவர்களில் பலர் கூடத்தில் ஒரு சுவரை மட்டும் வேண்டுமென்றே சொரசொரப்பாக விட்டார்கள். கெட்டியான சிமெண்ட் கலவையை விளக்குமாற்றுக் குச்சியால் விசிறி அடித்து, அது இறுகும் நேரம் பார்த்துக் கரண்டியின் முதுகால் லேசாக அமுக்கிவிடுவது. மேடு தட்டையாகும், பள்ளம் அப்படியே நிற்கும். அதன் மேல் இடுப்பளவுக்கு எனாமல் பெயிண்ட், மேலே டிஸ்டெம்பர். அந்தக் காலத்துக் குடும்பப் போட்டோக்களில் பின்னால் நிற்கும் சுவர் பாதிக்குப் பாதி இதுதான். கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கூடத்திலும் ஒன்று இருந்தது. தாத்தா காலத்து வீடு. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய ஒன்றரைக் கல் சுவர், அதாவது ஒன்றரைச் செங்கல் நீளத்துக்குக் கனமான சுவர். பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தாமல் அதன் மேலேயே சிமெண்டை ஏற்றியிருந்தார்கள்.

முப்பது வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது. அப்புறம் கீழே முழங்கால் உயரத்தில் பெயிண்ட் கொப்புளித்தது, கொப்புளம் உடைந்து வெள்ளைத் தூள் கொட்டியது, பூச்சு பொரும ஆரம்பித்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் சுரண்டி, சின்னப் பள்ளங்களை நிரப்பும் பட்டி மாவைப் பூசிப் பெயிண்ட் அடிப்போம். ஆவணி வருவதற்குள் பழையபடி ஆகிவிடும். கடைசியில் முழுச் சுவரையும் கொத்திப் பூசுவது என்று முடிவானது. அதே சமயத்தில் மாடி அறையில் இருந்த இன்னொரு சொரசொரப்புச் சுவரையும் சமப்படுத்தினோம். இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி. வேலை முற்றிலும் வேறு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சுவர் வேலையில் பூசுவது என்பது நடுவில் வரும் சின்னப் பகுதி. அதற்கு முன்னால் கொத்துவதும் சுத்தம் செய்வதும் காயவிடுவதும், பின்னால் நனைப்பதும் காத்திருப்பதும்தான் பூச்சு நிற்குமா விழுமா என்பதைத் தீர்மானிக்கின்றன. கூலி பேசும்போது இவற்றுக்கு யாரும் தனியாக விலை சொல்வதில்லை. அதனாலேயே வேலையில் முதலில் விட்டுப்போவதும் இவைதான்.

சுவரைத் தொடுவதற்கு முன்னால் தட்டிப் பார்க்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரின் பிடி போதும். ஒட்டியிருக்கும் பூச்சு கணீரென்று திருப்பிச் சொல்லும். செங்கல்லை விட்டுப் பிரிந்த பூச்சு பொத்தென்று சொல்லும். மேலிருந்து கீழாக ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வந்து, பொத்தென்ற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வளைத்தோம். வெளியே தெரிந்த சேதம் முழங்கால் வரைதான். சாக்பீஸ் கோடு தோள் உயரத்துக்குப் போனது. எனாமல் அடித்திருந்த பகுதியில்தான் பிரிவு அதிகம். காரணம் எளிது. சுவருக்குள் ஏறும் ஈரம் எங்காவது வெளியேற வேண்டும். எனாமல் வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் இன்னும் மேலே ஏறி, பெயிண்ட் முடியும் இடத்தில் வெளியே வருகிறது. கீழ்ப்பாதி சுவருக்கு டைல்ஸ் ஒட்டிய வீடுகளில் டைல்ஸுக்கு மேலே ஒரு பட்டையாக உப்பரித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே கதைதான்.

உள்ளே இருப்பது சுண்ணாம்பா சிமெண்டா என்று தெரிந்துகொள்ள ஓர் ஆணி போதும். பெயிண்டைச் சுரண்டிவிட்டுக் கீறினால் சுண்ணாம்புப் பூச்சு மாவாக உதிரும், சிமெண்டில் வெறும் கோடு விழும். எங்கள் சுவரில் ஆணி முதலில் வழுக்கியது. பொருமிய ஓரத்தில் உள்ளே விட்டுக் கீறியதும் வெள்ளையாகக் கொட்டியது. வெளியே சிமெண்ட், உள்ளே சுண்ணாம்பு. மேல்தோல் கெட்டி, அடியில் இருப்பது மெத்து. இரண்டும் சூட்டுக்கும் ஈரத்துக்கும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. கெட்டியானது தன்னோடு மெத்தானதைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்கு விடை தெரியாமல் கொத்தக் கூடாது. பெயிண்டைச் சுரண்டிய இடத்தில் ஓர் அடிக்கு ஓர் அடி பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விட்டோம். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்தது. சுவருக்குள்ளிருந்துதான் வருகிறது என்று அர்த்தம். தாளின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். அதற்கு ஜன்னலைத் திறந்து வைப்பதுதான் வைத்தியம், கொத்தனார் தேவையில்லை.

எங்களுக்கு ஈரம் இரண்டு வழியில் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், முன்பு தாழ்வாரமாக இருந்த இடத்தில், எண்பதுகளில் ஒரு குளியலறை கட்டியிருந்தார்கள். சுவருக்குள் புதைத்த ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப். குளியலறையை மூடி, அதற்குப் போகும் வால்வையும் அடைத்து இரண்டு வாரம் விட்டதில் தோள் உயரத்து ஈரம் இறங்கியது, முழங்கால் உயரத்து ஈரம் அப்படியே இருந்தது. ஆக மேலே பைப், கீழே தரை. சுவரை உடைத்துப் பார்த்தால் பைப்பின் முழங்கை துருப்பிடித்துக் கண்ணுக்குத் தெரியாத அளவில் கசிந்துகொண்டிருந்தது. புதைத்த பைப்பை அப்படியே சாகடித்துவிட்டு, சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் பைப்பைச் சுவருக்கு வெளியே கிளிப் போட்டு ஓட்டினோம். அழகில்லைதான். ஆனால் அடுத்த முறை கசிந்தால் கண்ணுக்குத் தெரியும்.

தரையிலிருந்து ஏறும் ஓதத்துக்கு அவ்வளவு சுலபமான வைத்தியம் கிடையாது. எங்கள் தெருவில் ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது ஒரே படி. மழைத் தண்ணீர் வாசலிலேயே நிற்கிறது. முற்றத்துத் தண்ணீர் போகும் சாக்கடையும் சுவரோரமாகவே ஓடியது. சாக்கடையை உடைத்து வாட்டம் மாற்றி, சுவரிலிருந்து தள்ளிக் கொண்டுபோனோம். ரோட்டை நாம் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த இடத்தில் மூன்று பேரைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒருவர், "தம்பி, மேல டைல்ஸ ஒட்டிடலாம், ஒரே நாள் வேலை" என்றார். இன்னொருவர் சிமெண்டில் வாட்டர்புரூஃப் மருந்து கலந்து பூசினால் பத்து வருஷம் கியாரண்டி என்றார். சுவரின் ஒரு பக்கத்தை மட்டும் அடைத்தால் தண்ணீர் காணாமல் போகாது, மறுபக்கம் போகும், இல்லையென்றால் மேலே ஏறும். மருந்து கலந்த பூச்சு நீர்த்தொட்டிக்கும் குளியலறைக்கும் சரி. அடியில் ஓதத் தடுப்பே இல்லாத பழைய காரைச் சுவருக்கு அது இன்னொரு எனாமல்தான்.

மூன்றாமவர் வயதான கொத்தனார். கோயில் மதில் வேலை, பழைய வீட்டு வேலை எல்லாம் பார்த்தவர். சுவரில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "சிமெண்ட எடுத்துட்டுச் சுவத்த ஒரு மாசம் சும்மா விடுங்க தம்பி. அப்புறம் வந்து கூலி பேசுறேன்" என்றார். அவரிடமே கொடுத்தேன். சதுர அடிக் கணக்கு வேண்டாம், நாள் கூலியே வைத்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டோம். புதுச் சுவருக்குச் சதுர அடிக் கணக்கு நியாயம். பழைய சுவரில் செங்கல்லுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு சந்தாகத் தோண்டுவதற்கு நேரம் பிடிக்கும். சதுர அடிக்குக் கூலி வாங்குகிறவர் அதில் நேரம் போட்டால் நஷ்டம் அவருக்குத்தான்.

கொத்துவதற்கு முன்னால் மெயின் சுவிட்சை அணைத்து, சுவரில் ஒயர் எந்த வழியாகப் போகிறது என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு குறித்து வாங்கினோம். பழைய வீடுகளில் மரச்சட்டத்தில் ஓடிய ஒயரை அப்படியே பூச்சுக்குள் புதைத்தவர்களும் உண்டு. இன்னொரு எச்சரிக்கை பெயிண்டைப் பற்றியது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் பெயிண்டில், அதிலும் பச்சை, மஞ்சள், சிவப்பில், ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அதை உப்புத்தாள் போட்டுக் காய்ந்த நிலையில் தேய்த்தால் தூளெல்லாம் மூச்சில் போகும். குழந்தைகளை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பெயிண்டின் மேல் தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுரண்டி, சுரண்டியதைச் சாக்கில் கட்டித் தனியாக அப்புறப்படுத்தினோம். கொத்துகிற எல்லோருக்கும் என்95 மாஸ்க். சித்தாளாக வந்த அக்கா முதலில் துண்டைக் கட்டிக்கொண்டு, "இது போதும் தம்பி" என்றார். செங்கல் தூளுக்குத் துண்டு போதாது.

பிரிந்த பூச்சு சுலபமாக வந்தது. உளியை ஓரத்தில் வைத்து நெம்பினால் கை அகலப் பாளமாகக் கழன்றது. ஒரு பாளத்தைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் கிரீம், அதன் கீழே பச்சை எனாமல், அதன் கீழே சிமெண்ட். பின்பக்கம் சிமெண்டில் ஒட்டிக்கொண்டு வந்த சுண்ணாம்புத் தோல். அதில் பழைய நீலம் கலந்த வெள்ளையடிப்பு. சிமெண்டுக்கும் சுண்ணாம்புக்கும் நடுவே பஞ்சு போல் மெல்லிய வெள்ளை இழைகள் நின்றன. விரலால் தொட்டால் கரைந்துவிடும், நாக்கில் வைத்தால் கரிக்கும். உப்பு. மண்ணிலிருந்தும் செங்கல்லிலிருந்தும் தண்ணீரோடு வந்து, தண்ணீர் ஆவியாகும் இடத்தில் தங்கிப் படிகமாகிறது. படிகம் வளர இடம் வேண்டுமே, அது பூச்சைத் தள்ளுகிறது. பூச்சு விழுவதற்குத் தண்ணீரைவிட இந்தப் படிகத்தின் நெருக்கல்தான் பெரிய காரணம்.

மேலே ஒட்டியிருந்த பகுதியை எடுப்பதா விடுவதா என்று யோசனை வந்தது. முழுச் சுவரிலும் பிரிவு பாதிக்குக் குறைவாக இருந்து, சிமெண்ட் சுவரில் சிமெண்டே பூசியிருந்தால் சேதமான பகுதியை மட்டும் வெட்டி ஒட்டுவேன். அப்படிச் செய்கிறவர்கள் கிரைண்டரால் நேர்க்கோட்டில் அறுத்துவிட்டுக் கொத்த வேண்டும். இல்லையென்றால் உளியின் அதிர்ச்சி நல்ல பூச்சையும் கழற்றும். எங்களுடையது சுண்ணாம்பின் மேல் சிமெண்ட் என்பதால் உத்தரம் வரை எல்லாவற்றையும் எடுத்தோம். மேல் பகுதியில் சுத்தியலை ஓங்கி அடிக்க விடவில்லை கொத்தனார். நாட்டுச் செங்கல் மெல்லியது, வேக்காடும் குறைவு, அடிக்கு உடைந்துவிடும். உளியைச் சாய்த்துப் பிடித்துப் பூச்சுக்கும் செங்கல்லுக்கும் நடுவே தட்டச் சொன்னார்.

அப்புறம் சந்து தோண்டுவது. செங்கல்லுக்கு நடுவே இற்றுப்போன காரையை அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டி எடுக்க வேண்டும். புதுப் பூச்சு பிடித்துக்கொள்ள அந்தப் பள்ளம்தான் பிடிமானம். தோண்டியதை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கீழே விழுந்த தூளைக் கூட்டி அள்ளி வெளியே கொட்டினோம். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவத்தான் கை வரும். கழுவினால் உப்பு கரைந்து சுவருக்குள்ளேயே போய்விடும். அதனால் சில வாரத்துக்குச் சுவரை அம்மணமாக விட்டோம். பூத்த உப்பை இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை தேய்த்து எடுப்போம். கீழே ரொம்பவும் பூத்த இடத்தில் பழைய செய்தித்தாளை ஊறவைத்துக் கூழாக்கி அரை அங்குலக் கனத்துக்கு அப்பினோம். கூழ் காயும்போது உப்பையும் இழுத்துக்கொள்ளும். காய்ந்ததும் உரித்து எறிந்துவிட வேண்டும். வந்தவர்கள் எல்லோரும், "வேலை நின்னுபோச்சா?" என்று கேட்டார்கள். வீட்டிலும் முணுமுணுப்பு. மேஸ்திரிமார்கள் காயவிடாமல் பூசுவதற்கு இந்த முணுமுணுப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஊறிய சுவர் மாதத்துக்கு ஓர் அங்குலம் காயும் என்பது பொதுவான கணக்கு. ஒன்றரைக் கல் சுவர் முழுதாகக் காய ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவரை யாரும் காத்திருக்க முடியாது. அதனால்தான் மிச்ச ஈரத்தை வெளியே விடுகிற பூச்சு வேண்டும்.

அந்தப் பூச்சு சுண்ணாம்பு. பதப்படுத்திய சுண்ணாம்பு இப்போது கடையில் கிடைத்தாலும் கொத்தனார் கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி வீட்டிலேயே நீற்றினார், அதாவது சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்தார். நீற்றும்போது தண்ணீரில் சுண்ணாம்பைப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் வெடித்துத் தெறிக்கும். தண்ணீர் கொதிக்கும் அளவுக்குச் சூடாகும், கண்ணில் பட்டால் பார்வை போகும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் பக்கத்தில் போகக் கூடாது, பிளாஸ்டிக் வாளி உதவாது. நீற்றியதைச் சல்லடையில் வடித்து, மேலே எப்போதும் நாலு விரற்கடைத் தண்ணீர் நிற்கும்படி தொட்டியில் ஊறவிட்டோம். வாரக்கணக்கில் ஊற ஊறத்தான் வெண்ணெய்ப் பதம் வரும். சுவர் காய்கிற அதே வாரங்களில் சுண்ணாம்பும் ஊறியதால் தனியாகக் காத்திருக்கவில்லை. இன்னொரு பானையில் இடித்த கடுக்காயும் வெல்லமும் ஊறின. கலவைக்கு அந்தத் தண்ணீர்தான். நாற்றம் தெருவரை அடிக்கும். பூசிக் காய்ந்த பிறகு இருக்காது.

மணலைப் பற்றி ஒரு வார்த்தை. ஆற்று மணல் வாங்குவது இப்போது லேசில் நடக்கிற காரியமில்லை. பூச்சுக்கென்று கல்லை உடைத்துச் செய்த மெல்லிய மணலை, பி-சாண்ட் என்று, விற்கிறார்கள், அது போதும். எந்த மணலாக இருந்தாலும் ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி மணல், மீதி உப்புக் கரைத்த தண்ணீர் விட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் வைத்துப் பாருங்கள். மேலே படியும் வண்டல், மணல் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் பூச்சு வெடிக்கும். கழுவிப் பயன்படுத்துங்கள், இல்லை திருப்பி அனுப்புங்கள். கடலோரத்து மணலை மட்டும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உப்பைச் சுவரிலிருந்து எடுக்க அவ்வளவு பாடுபட்டுவிட்டு, மணலோடு மறுபடி உள்ளே ஏற்றுவானேன்?

முதல் பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல். அந்த மணலில் கால் பங்கைக் குறைத்து நாட்டுச் செங்கல்லை இடித்துச் சலித்த தூள் சேர்த்தார். ஈரமான இடத்திலும் சுண்ணாம்பு இறுக அந்தத் தூள் உதவும். கலவையைக் குழைத்துக் குழைத்து, கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாவுப் பதத்தில் நிற்க வேண்டும். தண்ணீர் ஏறினால் பூசச் சுலபம், காயும்போது வெடிப்பு நிச்சயம்.

பூசும் நாளுக்கு முந்தின சாயங்காலம் சுவரைக் குளிரக் குளிர நனைத்து, காலையில் மறுபடி தெளித்தோம். தொட்டால் ஜில்லென்று இருக்க வேண்டும், தண்ணீர் வழியக் கூடாது. காய்ந்த செங்கல் கலவையின் தண்ணீரை ஒரே மூச்சில் உறிஞ்சிவிடும்; வழிகிற சுவரில் கலவை வழுக்கும். மேலே இரண்டு மூலைகளிலும் சின்னச் சின்னக் கலவைப் புள்ளி வைத்து, தூக்குக்குண்டு விட்டுக் கீழேயும் புள்ளி வைத்து, நூல் பிடித்து நடுவிலும் வைத்தார். பழைய சுவர் எங்கேயும் நேராக இருக்காது. எங்கள் சுவரில் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் ஓர் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம். அதை ஒரே பூச்சில் நிரப்பக் கூடாது. ஆழமான பள்ளங்களை முதலில் செங்கல் சில்லும் கலவையும் வைத்து அடைத்து, அது இறுகிய பிறகுதான் முதல் பூச்சு. ஒரு பூச்சு பத்து மில்லிமீட்டருக்குள். கரண்டியால் தடவவில்லை, வீசி அடித்தார். வீசும்போதுதான் சந்துக்குள் போய் உட்காரும். மட்டப்பலகையை இழுத்துச் சமன் செய்து, ஆணி அடித்த கட்டையால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிட்டார், அடுத்த பூச்சு பிடிக்க.

மறுநாள் முதல் வேலை, தட்டுவது. சுண்ணாம்பு சுருங்கும்போது மயிரிழை வெடிப்பு விடும். அது இறுகுவதற்குள் மணியாசுக் கட்டையால், அதாவது பூச்சைத் தேய்த்துச் சமன் செய்யும் மரக்கட்டையால், அழுத்தித் தேய்த்தும் தட்டியும் மூட வேண்டும். சிமெண்டில் பழகிய இளம் கொத்தனார்கள் வெடிப்பைப் பார்த்ததும் கலவை சரியில்லை என்று பதறுகிறார்கள். இவர் வெற்றிலையை மென்றுகொண்டே தட்டினார். பத்து நாளைக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டாம் பூச்சு. அதில் மணல் மெல்லியது, சுண்ணாம்பு சற்றுத் தூக்கல்.

தரையைத் தொடும் இடத்தில் பூச்சை ஓர் அங்குலத்துக்கு மேலேயே நிறுத்தச் சொன்னேன். தரை கழுவும் தண்ணீர் பூச்சில் ஏறாமல் இருக்க அந்த இடைவெளி. முன்னால் ஒரு மெல்லிய மரச்சட்டத்தை வைத்து மறைத்தாயிற்று. சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் டைல்ஸைச் சிமெண்ட் வைத்து ஒட்டினால் இடைவெளி விட்டதன் பலன் போய்விடும்.

நனைப்பதில் சிமெண்டுக்கும் சுண்ணாம்புக்கும் வித்தியாசம் உண்டு. சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகுகிறது; ஏழு நாளாவது ஈரம் காயாமல் வைக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குடித்து மறுபடி கல்லாகிறது. அதற்குக் காற்றும் வேண்டும், லேசான ஈரமும் வேண்டும். ஹோஸ் பிடித்து அடிக்காமல், செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயால் காலை மாலை பனி போலத் தெளித்தோம். மின்விசிறி போடக் கூடாது. வெயில் விழும் ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்கியது. நாங்கள் தை மாதத்தில் கொத்தி மாசி, பங்குனியில் பூசினோம். ஐப்பசி கார்த்திகை மழையில் சுவர் காயவே காயாது. ஆனி ஆடிக் காற்றில் பூசியது மாலைக்குள் வறண்டு வெடிக்கும்.

மாடிச் சுவருக்கு இவ்வளவு பாடு இல்லை. அது எண்பதுகளில் சிமெண்டிலேயே கட்டிய சுவர், தட்டினால் எங்கும் கணீரென்றது, ஈரமும் இல்லை. சொரசொரப்பு பிடிக்கவில்லை என்பது மட்டும்தான் குறை. இதைக் கொத்துவது வீண் செலவு. ஆனால் நேராகப் பட்டி பூசிச் சமப்படுத்துவதும் தப்பு. பட்டி என்பது ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கான சமாச்சாரம். ஐந்தாறு மில்லிமீட்டர் பள்ளத்தை அதால் நிரப்பினால் வெடித்து உரியும். முதலில் மேடுகளை ஸ்கிரேப்பரால் உடைத்தோம். பெயிண்ட் சுவரை நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க, பிளேடால் சதுரம் சதுரமாகக் கீறி டேப்பை ஒட்டிச் சட்டென்று இழுத்தோம். டேப்போடு பெயிண்ட் வந்த இடங்களில் சிமெண்ட் தெரியும்வரை சுரண்டினோம். அதற்குமேல் பாலிமர் கலந்த ரெடிமேட் லெவல் பூச்சு, அது காய்ந்து பட்டி. ஜிப்சம் பூச்சும் செய்யலாம், காய்ந்த சுவராக இருந்தால். ஓதம் ஏறும் சுவரில் ஜிப்சம் பக்கமே போகாதீர்கள், ஊறிக் கூழாகிவிடும்.

சிமெண்ட் சுவரை முழுதாகக் கொத்திப் பூச வேண்டியவர்களுக்கு ஒரு கணக்கு: 100 சதுர அடிக்கு 12 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் கலவை என்றால் முக்கால் மூட்டை சிமெண்ட்டும் ஐந்து கன அடி மணலும் ஆகும். பழைய சுவரில் மேடு பள்ளம் நிரப்பவே அதில் பாதி கூடப் போகும். கலவையை அரை மணி, முக்கால் மணியில் தீர்த்துவிடும் அளவுக்கே போட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு முன் கலந்ததில் தண்ணீர் தெளித்துச் சாப்பிட்ட பிறகு பூசுவது எல்லாத் தளத்திலும் நடக்கிறது. இறுக ஆரம்பித்த சிமெண்டுக்குத் தண்ணீர் விட்டால் இளகும், பலம் திரும்பி வராது. செங்கல்லும் கான்கிரீட்டும் சேரும் இடத்திலும், புதுப் பூச்சு பழையதைத் தொடும் இடத்திலும் கோழி வலையை ஆணி அடித்துப் பூசினால் அந்தக் கோட்டில் வெடிப்பு வராது.

சொரசொரப்பு பிடித்திருக்கிறது, உடைந்த இடத்தை மட்டும் அதே மாதிரி செய்ய வேண்டும் என்றால், நேராகச் சுவரில் கை வைக்காமல் ஒரு பிளைவுட் பலகையில் பூசிப் பழகுங்கள். என் அத்தை வீட்டில் அப்படிச் செய்தோம். பழைய பூச்சில் ஒரு துண்டை உடைத்து மணல் எவ்வளவு பருமன் என்று பார்த்து அதே சல்லடையில் சலித்து, விளக்குமாறா, தேங்காய் நாரா, ஸ்பாஞ்சா என்று மூன்றையும் போட்டுப் பார்த்ததில் தேங்காய் நார் ஒத்துவந்தது. பார்க்க வேண்டிய விதம் ஒன்று உண்டு. இரவில் விளக்கை அணைத்து, டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் ஒட்டுப் போட்ட இடம் நிழலில் அப்பட்டமாகத் தெரியும். பகலில் எதிரே நின்று பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

கூடத்துச் சுவருக்கு எமல்ஷன் அடிக்கவில்லை. சுண்ணாம்பு அடித்தோம், நீலமும் வஜ்ஜிரம் என்ற பசையும் கலந்து. நீர்க்க நீர்க்க நாலைந்து தடவை, ஒவ்வொரு தடவையும் சுவரை ஈரப்படுத்திவிட்டு. முதல் தடவை அடித்ததும் ஒன்றுமே தெரியாது, காயக் காயத்தான் வெளுக்கும். சாய்ந்து உட்கார்ந்தால் சட்டையில் கொஞ்சம் ஒட்டும் என்பது உண்மை. வஜ்ஜிரம் சேர்த்ததால் அது குறைவு. டிவி மாட்ட வேண்டியவர்கள் பூச்சை நம்பி ஆணி அடிக்க வேண்டாம். செங்கல் சந்தில் இல்லாமல், செங்கல்லின் நடுவே துளை போட்டு நீளமான பிளக் வைத்து மாட்டுங்கள். துளைக்கும்போது ஹேமர் மோடை அணைத்துவிடுங்கள், நாட்டுச் செங்கல் தாங்காது.

இரண்டு மழைக்காலம் போயிருக்கிறது. மேலே ஒரு கீறல் இல்லை. வாசல் கதவோரம், ரோட்டுத் தண்ணீர் நிற்கும் பக்கம், கீழே ஒரு முழம் அகலத்துக்கு இன்னமும் உப்பு பூக்கிறது. உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு மேலே ஒரு கை சுண்ணாம்பு அடித்துவிடுகிறேன். அந்த இடத்துப் பூச்சு சில வருஷத்தில் இற்றுவிடும் என்று கொத்தனார் முன்பே சொல்லியிருந்தார். அந்த ஒரு முழத்தை மட்டும் கொத்திப் பூச ஒரு பாண்டு, அதாவது ஒரு இரும்புச் சட்டிக் கலவை போதும். அதற்கென்று மீந்த சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டுத் தொட்டியிலேயே மூடி வைத்திருக்கிறோம். தண்ணீர் வற்றாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.